மறைகுற்றமும் மருத்துவமும்: அகுஸ்தீனாரின் பாவசங்கீர்த்தன நூல் பற்றிய ஒரு நோக்கு

தன்னைத் தானே ஆராய்தல் அறநூல்கள் யாவும் வற்புறுத்தும் கடமைகளுள் ஒன்றாகும். ஆயின் அக்கடமையின் உள்ளேயே ஓர் இடர்ப்பாடு பொதிந்துள்ளது. ஆராய்பவனும் ஆராயப்படுபவனும் ஒருவனே. குற்றத்தைச் செய்த மனமே அதனைத் தேடவும் புறப்படுகிறது. தான் மறைத்து வைத்ததைத் தானே கண்டுபிடிக்குமாறு அது பணிக்கப்படுகிறது. அறிந்து செய்த பிழையை ஒருவன் ஒப்புக்கொள்ளலாம். பிழையென்றே அறியாது செய்ததை, அல்லது அறியாதிருக்க விரும்பியதை, அவன் எவ்வாறு ஒப்புக்கொள்வான்?

பண்டைய உரோமச் சிந்தனையாளர் இந்த இடர்ப்பாட்டைப் பெரிதும் உணர்ந்தவராகத் தெரியவில்லை. கி.பி. 65இல் இறந்த செனக்கா, கோபம் பற்றிய தமது நூலின் மூன்றாம் பாகத்திலே தம் இரவு வழக்கமொன்றை விவரிக்கிறார். விளக்கு அகற்றப்பட்டு, தம் வழக்கத்தை அறிந்த மனைவி மௌனமான பின்னர், அன்றைய நாளின் சொல்லையும் செயலையும் அவர் மீட்டுப் பார்க்கிறார். எதனையும் தம்மிடமிருந்து மறைப்பதில்லை என்கிறார். இனி அவ்வாறு செய்யாதே என்று தம்மையே எச்சரித்து, மன்னித்தும் விடுகிறார். இங்கு வழக்காளியும் எதிரியும் நீதிபதியும் அவரே. வழக்கு ஒழுங்காக நடந்து முடிகிறது. நீதிபதி அமைதியாக உறங்கச் செல்கிறார். விவிலியத்தின் சங்கீதக்காரனுக்கு அத்தகைய உறக்கம் வாய்க்கவில்லை. தன் பிழைகளை முற்றாக அறியக்கூடியவர் எவருமிலர் என்று பத்தொன்பதாம் சங்கீதத்திலே அவன் வியக்கிறான். மறைவான குற்றங்களிலிருந்து தன்னைத் தூய்மையாக்குமாறு இறைவனை வேண்டுகிறான். நூற்றுமுப்பத்தொன்பதாம் சங்கீதத்திலோ தன்னை ஆராயும் பணியையே இறைவனிடம் ஒப்படைத்து விடுகிறான்.

செனக்காவின் நீதிமன்றத்துக்கும் சங்கீதக்காரனின் மன்றாட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு முழு வாழ்க்கை வரலாறாக விரித்துக் காட்டிய முதற்பெரும் நூல் புனித அகுஸ்தீனாருடையது. தன்னாய்வு பற்றி அந்நூல் கூறுவது யாது, அந்த ஆய்வு எங்கே வெற்றி பெறுகிறது, எங்கே தவறிவிடுகிறது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நூலும் பெயரும்

அகுஸ்தீனார் கி.பி. 354இல், இன்று அல்ஜீரியாவில் சூக் ஆராஸ் என வழங்கும் தகாஸ்தே நகரிலே பிறந்தவர். தந்தை பத்ரீசியு, தாய் மொனிக்கா. காத்தேஜ் நகரிலே கல்வி கற்று, சொல்லணிக்கலை ஆசிரியராகி, 383இல் உரோமுக்கும் 384இல் மிலானுக்கும் சென்றார். ஒன்பது ஆண்டுகளளவில் மனிக்கேய சமயத்தைச் சார்ந்திருந்தார். 386இல் மிலானிலே மனமாற்றமுற்று, 387இன் உயிர்ப்புப் பெருவிழாவின்போது அம்புரோசு ஆயரிடம் திருமுழுக்குப் பெற்றார். பின்னர் ஆபிரிக்கா திரும்பி, ஹிப்போ நகரின் ஆயரானார். ஆயரான சில காலத்தினுள், ஏறத்தாழ 397க்கும் 400க்கும் இடையில், பதின்மூன்று பாகங்கள் கொண்ட இந்நூலை இலத்தீன் மொழியில் எழுதினார்.

நூலின் பெயரைத் தமிழில் எவ்வாறு தருவது என்பது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலன்று. ‘வாக்குமூலம்’ என்பது எளிதிற் கிடைக்கும் சொல். ஆனால் அது பொலிஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. இலத்தீனிலே ‘கொன்பெசியோ’ என்னும் சொல் பாவத்தை ஒப்புக்கொள்வதையும் இறைவனைப் புகழ்வதையும் ஒருங்கே குறிக்கும். கத்தோலிக்கர் நெடுங்காலம் வழங்கிவந்த ‘பாவசங்கீர்த்தனம்’ என்னும் சொல் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. சங்கீர்த்தனம் என்பது எடுத்துரைத்தல், புகழ்ந்து பாடுதல் எனப் பொருள்படும். பாவத்தைக் கூறுவதும் புகழ் கூறுவதும் ஒரே தொடரில் இணைந்திருப்பது அகுஸ்தீனாரின் கருத்துக்கு மிக அணித்தாய் வருகிறது. குற்றவாளி வாக்குமூலம் அளிக்கும்போது நீதிபதியைப் புகழ்வதில்லை. தன் நோயைச் சொல்லும் நோயாளியோ, சொல்லும் செயலினாலேயே மருத்துவன்மேல் தனக்குள்ள நம்பிக்கையை வெளிப்படுத்துகிறான்.

நூலின் வடிவமும் இதற்கு இயைந்ததே. தொடக்கம் முதல் இறுதிவரை அது இறைவனை முன்னிலைப்படுத்திப் பேசுகிறது. வாசகன் பக்கத்திலே நின்று செவிமடுப்பவனாகவே வைக்கப்பட்டுள்ளான். எல்லாம் அறிந்த இறைவனுக்கு வாழ்க்கை வரலாறு எதற்கு என்ற வினாவை ஆசிரியரே எழுப்புகிறார். இறைவன் அறியாததை அறிவிப்பது அவர் நோக்கமன்று; இறைவன் அறிந்துள்ள தம்மைத் தாமும் அறியவேண்டும் என்பதே அவரது வேட்கை. முதலாம் பாகத்திலேயே தம் ஆன்மாவை ஒடுங்கிய, இடிந்து சிதைந்த வீடாக அவர் உருவகிக்கிறார். இறைவன் வந்து தங்குவதற்கு அது விரிவாக்கப்படவும் திருத்தப்படவும் வேண்டும். அவ்விடத்திலேதான் மறைகுற்றங்கள் பற்றிய சங்கீத மன்றாட்டையும் தமதாக்கிக்கொள்கிறார். வீட்டுக்குரியவனே அறியாத அழுக்குகள் அவ்வீட்டில் உள்ளன என்பது நூலின் முதற்கோள்.

2. பேரிக்காயும் முதுகுப்புறமும்

இரண்டாம் பாகத்தில் வரும் பேரிக்காய்த் திருட்டு பலரும் அறிந்தது. பதினாறு வயதில் அகுஸ்தீனார் தம் தோழருடன் சேர்ந்து, அயலிலிருந்த மரமொன்றின் காய்களை இரவிலே உலுப்பிச் சென்றார். காய்கள் பார்வைக்கும் சுவைக்கும் சிறந்தவையல்ல. அவற்றிலும் நல்லவை அவர் வீட்டிலேயே இருந்தன. பெரும்பாலானவை பன்றிகளுக்கே எறியப்பட்டன. இச்சிறு செயலுக்கு அத்தனை பக்கங்களா என்று எள்ளி நகையாடிய திறனாய்வாளரும் உளர்.

அவ்வாறு நகைப்போர் பகுதியின் நோக்கத்தைத் தவற விடுகின்றனர். செயல் அற்பமாக இருப்பதனாலேயே அது ஆய்வுக்கு ஏற்றதாகிறது. பசிக்காகத் திருடியிருந்தால் பசி காரணமாகும். பகைக்காகக் கொன்றிருந்தால் பகை காரணமாகும். பயனேதுமற்ற இத்திருட்டில் காரணம் தேடும்போது ஒவ்வொரு விடையும் கைநழுவிப் போகிறது. தீமையையே விரும்பினேனோ என்கிறார்; இறைவனின் எல்லையற்ற வல்லமையைக் கோணலாகப் போலிசெய்தேனோ என்கிறார்; தனியாக இருந்திருப்பின் இதனைச் செய்திரேன் எனக் கூறி, தோழமையின் பங்கை ஆராய்கிறார். முடிவில் முடிச்சு அவிழவில்லை. முறையான ஆராய்ச்சி நடந்தும் மனத்தின் அடித்தளம் எட்டப்படவில்லை என்பதே அப்பகுதி காட்டும் உண்மை. செனக்காவின் இரவு விசாரணையிலே இத்தகைய தோல்விக்கு இடமேயில்லை.

எட்டாம் பாகத்திலே குற்றம் மறைந்திருப்பதன் காரணம் மேலும் நுட்பமாகத் தெளிவாகிறது. பொந்திசியானு என்னும் ஆபிரிக்க நண்பர் எகிப்தியத் துறவியான அந்தோனியாரைப் பற்றியும், அவர் வரலாற்றைப் படித்து உலகைத் துறந்த இரு அரச அலுவலரைப் பற்றியும் கூறுகிறார். அக்கதையைக் கேட்குந்தோறும் தமக்கு நிகழ்ந்ததை அகுஸ்தீனார் வியப்புக்குரிய படிமமொன்றால் உணர்த்துகிறார். தம்மைப் பார்க்க விரும்பாத காலமெல்லாம் அவர் தம்மைத் தம் முதுகுப்புறத்தே வைத்திருந்தாராம். இறைவன் அங்கிருந்து அவரை எடுத்து, அவர் முகத்துக்கு நேரே நிறுத்தினாராம். புண்ணும் கறையும் நிறைந்த தம் உருவைக் கண்டு அஞ்சிய அவருக்கு ஓட இடமிருக்கவில்லை.

குற்றம் மறைந்திருப்பது இருளினால் மட்டுமன்று, நிற்கும் நிலையினாலும் ஆகும் என்பது இப்படிமத்தின் உட்பொருள். முதுகிலுள்ள புண்ணைக் காண எத்துணை வெளிச்சமும் உதவாது. வேறொருவர் திருப்பிக் காட்டவேண்டும். அகுஸ்தீனார் அறியாதவராயிருந்தார் என்பதைவிட, அறிந்தும் அறியாதவர்போல் இருந்தார் என்பதே பொருந்தும். இளமையில் அவர் கற்பொழுக்கத்தை வேண்டி மன்றாடியபோது உடனடியாக வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார். அதனைக் கூறுமிடத்து, இறைவன் தம் வேண்டுதலை விரைவிற் கேட்டு, நோயை விரைவிற் குணப்படுத்திவிடுவாரோ என்று தாம் அஞ்சியதாக விளக்குகிறார். நோயாளி மருந்தை வேண்டுகிறான். ஆயின் நோயைப் பிரிய மனமில்லை. ‘இறைவன் குணமாக்கட்டும்’ என்று கூறுவது சோம்பலின் வெளிப்பாடு எனக் கருதுவோர் இப்பகுதியை ஆழ்ந்து நோக்குதல் நன்று. குணமாக்க இடங்கொடுப்பதே அகுஸ்தீனாருக்கு மிகக் கடினமான செயலாக இருந்தது.

3. பணிப்பெண்ணின் வசைச்சொல்

மறைகுற்றம் குணமாகும் முறைக்கு நூலில் வரும் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு அகுஸ்தீனாருடையதன்று, அவர் தாயாருடையது. ஒன்பதாம் பாகத்திலே மொனிக்காவின் சிறுபருவ நிகழ்ச்சியொன்று கூறப்படுகிறது. அவ்வீட்டுப் பிள்ளைகளை வளர்த்தவள் ஒரு முதிய பணிப்பெண். மொனிக்காவின் தந்தையையே குழந்தையாகத் தன் முதுகிற் சுமந்தவள் அவள். உணவுவேளைக்குப் புறம்பாகப் பிள்ளைகள் தண்ணீர் அருந்துவதைக்கூட அவள் அனுமதிப்பதில்லை. இன்று தண்ணீருக்குப் பழகுபவர், நாளை களஞ்சியத்தின் திறப்பு கைக்கு வந்ததும் திராட்சை மதுவுக்குப் பழகிவிடுவர் என்பது அவள் கருத்து.

இத்தனை கண்டிப்பும் தோற்றது. பீப்பாவிலிருந்து மது எடுத்துவர அனுப்பப்படும்போது மொனிக்கா உதட்டின் நுனியால் சிறிதளவு சுவைத்தாள். குடிவெறியால் அன்று, பிள்ளைமைக் குறும்பினால். நாளுக்குநாள் சிறிது சிறிதாகக் கூடி, கிண்ணம் நிறையக் குடிக்கும் நிலை வந்துவிட்டது. பெற்றோரோ வளர்த்தவளோ இதனை அறியார். களஞ்சியத்துக்குக் கூடச் செல்லும் ஒரு பணிப்பெண் மட்டும் அறிவாள். ஒருநாள் இருவரும் தனித்திருக்கையிற் சச்சரவு மூண்டது. அப்பெண் சிறிய எசமாட்டியைக் குடிகாரி என்று பழித்தாள். அச்சொல் தைத்தது. மொனிக்கா தன் பழக்கத்தின் அவலட்சணத்தை அக்கணமே கண்டு கைவிட்டாள்.

இந்நிகழ்ச்சிக்கு அகுஸ்தீனார் தரும் விளக்கம் அவரது கோட்பாட்டின் சாரமாகும். பணிப்பெண் திருத்துவதற்காகப் பேசவில்லை, புண்படுத்தவே பேசினாள். அவளது கோபம் ஒரு நோய். அந்த நோயைக் கொண்டே இறைவன் வேறொரு நோயை அறுத்தார். ஆகவே தன் சொல்லால் ஒருவர் திருந்தும்போது அது தன் ஆற்றல் என்று எவரும் செருக்குறலாகாது என்று அவர் முடிக்கிறார். நல்லெண்ணமுள்ள கண்காணிப்பு தவறிய இடத்திலே பகைமைச் சொல் பயன்பட்டது. தன்னைப் பற்றிய உண்மையை ஒருவன் தன் நண்பரிடமிருந்தே பெறுவான் என்பதற்கு உறுதியில்லை. தன்னை வெறுப்பவரிடமிருந்தும் அது வரலாம். மன உறுதியுடன் கேட்க வேண்டிய செய்தி இது.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. பணிப்பெண்ணின் நோய் என்னவாயிற்று? மொனிக்கா குணமடைந்தாள். அவளைக் குணமாக்கிய சொல்லுக்குரியவளின் கோபம் எங்கிருந்து வந்தது, அடிமைச் சமுதாயம் ஒன்றிலே அவள் நிலை யாது, அவளுக்கு மருத்துவம் கிடைத்ததா என்பவற்றை ஆசிரியர் கேட்கவில்லை. அவள் பெயரும் கூறப்படவில்லை. இவ்வினா இங்கு ஒரு கீறலாகவே தோன்றுகிறது. பின்னர் நோக்கவிருக்கும் இன்னோரிடத்தில் அது பெரும்பிளவாகும்.

4. ஆயரின் நோய்க்குறிப்பு

மனமாற்றம் நிகழ்ந்துவிட்டது; தாயார் ஒஸ்தியாவில் இறந்துவிட்டார். சாதாரணக் கதையாயின் நூல் ஒன்பதாம் பாகத்துடன் முடிந்திருக்கும். அகுஸ்தீனார் பத்தாம் பாகத்தை எழுதினார். கடந்தகாலப் பாவியை விட்டு, எழுதிக்கொண்டிருக்கும் ஆயரை அதிலே ஆராய்கிறார். தன்னாய்வு இலக்கியத்துக்கு அவர் செய்த தலையாய பங்களிப்பு இதுவெனலாம். திருந்திய பின்னர் திருந்துமுன் செய்த பிழையைக் கூறுவது எளிது. கேட்போர் வியந்து பாராட்டுவர். பதவியிலிருக்கும் சமயத் தலைவர் ஒருவர் தம்மிடம் இன்றும் உள்ள குறைகளைத் தம் மக்கள் முன் எழுதுவது வேறு வகையான துணிவு. பிறர் வாழ்க்கையை அறிய ஆவல் கொண்டு, தம் வாழ்க்கையைத் திருத்தச் சோம்பியிருக்கும் மனிதரின் இயல்பை நன்கறிந்தே அவர் அதனை எழுதினார்.

யோவானின் முதலாம் நிருபம் கூறும் உடலிச்சை, கண்ணிச்சை, வாழ்வின் செருக்கு என்னும் மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு புலன்புலனாக அவர் தம்மைச் சோதிக்கிறார். விழிப்பில் அடங்கிய ஆசைகள் கனவிலே தலைதூக்குகின்றன. உணவோ நாள்தோறும் வேண்டியிருப்பது. அதனை ஒரேயடியாகத் துறக்க முடியாது. உடல்நலத்துக்காக உண்கிறேன் என்ற நியாயத்தின் நிழலிலே சுவைக்காக உண்ணும் ஆசை ஒளிந்துகொள்கிறது. தேவையா, ஆசையா என்று தெளிவாகத் தெரியாத அந்த மங்கல் நிலையை மனம் மகிழ்ச்சியுடன் வரவேற்கிறது என்று அவர் கண்டுகொள்கிறார். ஆலயத்தின் இசையிலே பாடப்படும் பொருளிலும் பாடும் குரல் தம்மை மிகுதியாக உருக்கும்போது பிழை செய்ததாக உணர்கிறார். ஆயினும் மனமாற்றத்தின் தொடக்கத்திலே அதே பாடல்கள் வரவழைத்த கண்ணீரை நினைந்து, ஆலய இசையை ஒதுக்கவும் துணியார். நாய் முயலைத் துரத்துவதைக் காண அரங்குக்குச் செல்வதை விட்டவர், வயல்வழியே போகையில் அக்காட்சி எதிர்ப்பட்டால் உயர்ந்த சிந்தனையையும் விட்டு அதில் ஈர்க்கப்படுகிறார். வீட்டிலே பல்லி ஈயைப் பிடிப்பதும் சிலந்தி வலையிற் சிக்கவைப்பதும் அவர் கவனத்தைக் கவர்ந்துவிடுகின்றன.

புகழ் பற்றிய பகுதியே இவற்றுள் ஆழமானது. செல்வத்தில் பற்றுண்டா என அறியவேண்டின் அதனைத் துறந்து பார்க்கலாம். புகழில் பற்றுண்டா என அறிய எதனைத் துறப்பது? எவரும் புகழாதவாறு கெட்டு வாழ்ந்து பார்ப்பது பித்தன் செயலாகும். நல்வாழ்வுடன் புகழ் நிழல்போற் சேர்ந்தே வருகிறது. ஆகவே சோதனைக்கே வழியில்லை. பிறர் தம்மைப் பாராட்டும்போது அவர்களது நல்லுணர்வுக்காக மகிழ்கிறாரா, தமக்காக மகிழ்கிறாரா என்று அவரால் தீர்மானிக்க இயலவில்லை. அதற்கு மேலும் ஒரு படி: புகழாசையை வெறுப்பதாகச் சொல்லிக்கொள்வதிலும் ஒருவன் புகழ் தேடலாம். இவ்விடத்திலே தன்னாய்வு தன் எல்லையைத் தொடுகிறது. மனிதனுள் அவனது ஆவியே அறியாத பகுதியொன்று உண்டு என்ற முடிவுக்கு வரும் அகுஸ்தீனார், தம்மை நோயாளியென்றும் இறைவனை மருத்துவனென்றும் கூறிப் புண்களை மறைக்காது திறந்து வைக்கிறார். நோயறிதலை இறுதிவரை நடத்தியபின் எஞ்சியதையே அவர் மருத்துவனிடம் ஒப்படைக்கிறார். நோயறிதலைத் தவிர்ப்பதற்காக மருத்துவன் பெயரைக் கூறவில்லை.

5. பெலாஜியுவின் எதிர்ப்பு

இக்கொள்கைக்கு அவர் காலத்திலேயே எதிர்ப்புக் கிளம்பியது. இறைவன் தான் கட்டளையிடுவதைத் தானே தந்தருள வேண்டும் என்னும் கருத்துப்பட ஒரு மன்றாட்டு பத்தாம் பாகத்தில் வருகிறது. உரோமிலே ஆயர் ஒருவர் அதனை எடுத்துக் கூறியபோது, பிரித்தானியத் துறவியான பெலாஜியு பொறுக்கமாட்டாது எதிர்த்துப் பேசியதாக அகுஸ்தீனாரே தமது முதுமைக்கால நூலொன்றில் குறிப்பிட்டுள்ளார். கட்டளையை நிறைவேற்றும் ஆற்றலும் இறைவனிடமிருந்தே வரவேண்டுமாயின், மனிதனின் பொறுப்பு எங்கே நிற்கிறது? நான் நோயாளி என்று சொல்லும் ஒவ்வொருவனும் தன் குற்றத்துக்கு விலக்குப் பெற்றுவிடானோ?

பெலாஜியுவின் அச்சத்தைத் திருச்சபை வரலாற்றிலே தோற்றுப்போன ஒரு கொள்கையாக மட்டும் கருதி ஒதுக்குதல் நியாயமன்று. நோய் என்ற உருவகத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. நீதிமன்றத்திலே குற்றத்துக்கு எப்பொழுதும் இரு தரப்பினர் உளர். குற்றவாளி ஒரு பக்கம், பாதிக்கப்பட்டவர் மறுபக்கம். மருத்துவனின் அறையிலோ நோயாளியும் மருத்துவனும் மட்டுமே இருப்பர். பாதிக்கப்பட்ட மூன்றாமவருக்கு அங்கே இருக்கை இல்லை. ‘என் பாவம் என் புண்’ என்று சொல்லும்போது, அப்பாவத்தினாற் பிறருக்கு உண்டான புண் பார்வையிலிருந்து நீங்கிவிடலாம். இது வெறும் தருக்கமன்று. நூலின் ஆறாம் பாகத்திலே அவ்வாறே நிகழ்ந்துள்ளது.

6. பெயரற்ற பெண்

பதினேழு, பதினெட்டு வயது தொடக்கம் அகுஸ்தீனார் ஒரு பெண்ணுடன் வாழ்ந்தார். சட்டபூர்வமான திருமணமன்று, எனினும் அவளுக்கு அவர் உண்மையாகவே இருந்தார். அவர்களுக்கு அதேயோதாத்து என்னும் மகன் பிறந்தான். அவள் காத்தேஜிலிருந்து இத்தாலிவரை அவருடன் சென்றாள். 385 அளவிலே, மிலானில் உயர்பதவிக்கு வழிவகுக்கும் திருமணமொன்று பேசப்பட்டது. நிச்சயிக்கப்பட்ட சிறுமிக்குச் சட்டப்படி மணவயது வர இன்னும் இரண்டாண்டு இருந்தது. திருமணத்துக்கு இடையூறு எனக் கருதப்பட்டு, ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் உடனிருந்தவள் ஆபிரிக்காவுக்கு அனுப்பப்பட்டாள். மகனை அவரிடம் விட்டு, வேறோர் ஆடவனை அறியேன் என நேர்ந்துகொண்டு அவள் சென்றாள்.

அகுஸ்தீனார் இதனைச் சில வரிகளிற் கூறி முடிக்கிறார். அவ்வரிகள் உணர்ச்சியற்றவை அல்ல. தம் நெஞ்சு அவளோடு ஒட்டியிருந்ததால் பிய்ந்து குருதி கசிந்ததென்கிறார். அவளது உறுதியைத் தம்மாற் பின்பற்ற முடியவில்லை என்று வெட்குகிறார். இரண்டாண்டு காத்திருக்க மாட்டாது வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டதையும் மறைக்கவில்லை. பழைய புண் ஆறாமல் சீழ்பிடித்த கதையையும் கூறுகிறார். எல்லாம் உண்மை. ஆனால் எல்லாம் அவருடைய புண் பற்றியவை. இச்சையின் அடிமையாயிருந்தேன் என்பதே அங்கு ஒப்புக்கொள்ளப்படும் பாவம். ஒரு பெண்ணைப் பயன்படுத்தித் தள்ளிவிட்டேன் என்பது ஒப்புக்கொள்ளப்படவில்லை. பேரிக்காய்க்கு வழங்கப்பட்ட பக்கங்களுள் ஒன்றேனும் அவளுக்கு வழங்கப்படவில்லை. அவள் பெயரை வரலாறு இன்றுவரை அறியாது.

இதற்குச் சமுதாயக் காரணம் வெளிப்படை. பிற்கால உரோமச் சமுதாயத்திலே அந்தஸ்துக் குறைந்த பெண்ணைத் துணைவியாக வைத்திருப்பதும், முன்னேற்றம் வாய்க்கும் காலத்தில் அவளை நீக்குவதும் எவரும் பழிக்காத வழக்கம். தாயார் மொனிக்காவே திருமண ஏற்பாட்டை முன்னின்று நடத்தினார். தனிமனிதன் தன்னை எத்துணை ஆழமாக ஆராயினும், அவன் சார்ந்த வர்க்கம் குற்றமாகக் கருதாத ஒன்றைக் குற்றமாகக் காண்பது அரிது. மறைகுற்றம் மனத்தின் மடிப்புகளில் மட்டும் மறைவதில்லை. சமூக வழக்கத்தின் நடுவிலே, பட்டப்பகலிலும் மறைந்து நிற்கும். மொனிக்காவின் பணிப்பெண் பெயரற்றுப் போனதற்கும் காரணம் இதுவே. தாயும் மகனும் குணமடைவதற்குக் கருவிகளான அல்லது விலையான இரு பெண்களும் நூலின் மருத்துவத்துக்குப் புறத்தே நிற்கின்றனர்.

இத்துடன் நிறுத்தினால் அகுஸ்தீனாருக்கு அநீதி இழைத்ததாகும். நூல் முடிந்த சிறிது காலத்துள், 401 அளவிலே, திருமணத்தின் நன்மை பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். தன் அந்தஸ்துக்கோ செல்வத்துக்கோ ஏற்ற மனைவி கிடைக்கும்வரை ஒரு பெண்ணைத் துணையாக வைத்திருப்பவன் உள்ளத்தால் விபசாரனே என்று அதிலே தீர்ப்பளிக்கிறார். அவன் விபசாரம் செய்வது தான் மணக்கத் தேடும் பெண்ணுக்கெதிராக அன்று, தன்னோடு வாழ்ந்தவளுக்கெதிராகவே. அவள் அவனுக்கு உண்மையாயிருந்து, பிரிந்தபின்னும் வேறு துணை நாடாதிருந்தால், அவளை விபசாரி என்று கூறத் தமக்குத் துணிவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். இது எவருடைய கதை என்பது சொல்லாமலே விளங்கும். ஆறாம் பாகத்தில் இல்லாத இரண்டாம் தரப்பு இங்கே வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பகுதியில் ‘நான்’ என்ற சொல் இல்லை. பொதுவிதியாக, படர்க்கையிலே அது கூறப்படுகிறது. தம்மைப் பற்றி எழுதியபோது காணாததை, பிறரைப் பற்றி எழுதுவதுபோல் எழுதியபோது அவர் கண்டார் எனலாம். 426, 427ஆம் ஆண்டுகளில் தம் நூல்களையெல்லாம் மீளாய்வு செய்தபோது, நண்பனின் மரணம் பற்றி இந்நூலின் நான்காம் பாகத்தில் எழுதிய ஒரு கருத்தைப் பகட்டுரை என்று கண்டித்தார். அப்பெண் பற்றிய வரிகளை மட்டும் அவர் தொடவில்லை.

7. ரூசோவுடன் ஓர் ஒப்பீடு

1782இல் முதற் பகுதி வெளியான ரூசோவின் தன்வரலாறு அகுஸ்தீனாருடைய நூலின் பெயரையே தாங்கியது. அதிலும் ஒரு திருட்டு உண்டு. ஒரு பணிப்பெண்ணும் உண்டு. தூரின் நகரில் வேலைசெய்த வீட்டிலே பழைய பட்டுநாடா ஒன்றைத் திருடிய ரூசோ, அகப்பட்டதும் அதனை மரியோன் என்னும் சமையற்பெண் தந்ததாகப் பொய் கூறினார். இருவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். அவள் வாழ்வு என்னவாயிருக்கும் என்ற எண்ணம் அவரை முதுமைவரை வருத்தியது. அவளுக்குப் பெயருண்டு, அவளது எதிர்காலத்தைப் பற்றிய கவலையும் உண்டு. இவ்வகையில் ரூசோ அகுஸ்தீனாரை விஞ்சி நிற்கிறார்.

ஆனால் அடுத்த பக்கத்திலேயே நியாயம் கற்பிக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. அவள்மேல் கொண்ட அன்பே அவள் பெயரை நாவில் வரவழைத்தது என்றும், வெட்கமே உண்மையைத் தடுத்தது என்றும் கூறி, இனி அதைப் பற்றிப் பேசவேண்டியதில்லை என்று ரூசோ கணக்கை முடித்துக்கொள்கிறார். செனக்காவின் நீதிமன்றம் இங்கே மீண்டும் கூடுகிறது. நீதிபதி தம்மையே விடுவிக்கிறார். அகுஸ்தீனார் தம்மை ஒருபோதும் விடுவித்ததில்லை. அவர் தவறியது பார்வையில். ரூசோ தவறியது தீர்ப்பில். பார்வையில் தவறியவனுக்கு மேலும் காண்பதற்கு வாய்ப்புண்டு. கணக்கை மூடியவனுக்கு அது இல்லை.

8. முடிவு

அகுஸ்தீனாரின் நூல் தன்னாய்வின் வெற்றியையும் தோல்வியையும் ஒருங்கே கொண்டது. மனிதன் தன்னைத் தானே முற்றாக அறியான் என்று அது கூறுகிறது. அக்கூற்றுக்குத் தன்னையே சான்றாகவும் தருகிறது. ஆறாம் பாகத்தின் குறையைக் கண்டுகொள்ள வேண்டிய அறிவை வாசகன் பத்தாம் பாகத்திலிருந்தே பெறுகிறான். ஆகவே அக்குறையைச் சுட்டுவது நூலை மறுப்பதாகாது. நூல் கற்பித்த முறையை அதன் ஆசிரியர்மேற் செலுத்துவதாகும்.

இறைவன் மறைகுற்றங்களைக் குணமாக்குகிறார் என்ற நம்பிக்கை பொறுப்பிலிருந்து தப்பும் வழியாவதும், பொறுப்பை ஆழப்படுத்துவதும், மருத்துவனின் அறையிலே மூன்றாமவருக்கு இடமுண்டா இல்லையா என்பதைப் பொறுத்தது. மொனிக்காவுக்கு மருந்து ஒரு பணிப்பெண்ணின் வாயிலிருந்து வந்தது. அகுஸ்தீனாருக்கும், ஆபிரிக்காவுக்குத் திரும்பிச் சென்ற பெண்ணிடம் சொல்ல ஏதேனும் இருந்திருக்கும். அவள் சொல் நூலில் இடம்பெற்றிருப்பின் ஆய்வு இன்னும் முழுமை பெற்றிருக்கும். தன்னைச் சோதிக்கும் சமயத்தவனும் சமயம் சாராதவனும், தன்னால் வருந்தியவர்கள் தன்னைப் பற்றி யாது கூறுவர் என்று கேட்டபின்னரே ஆய்வு முடிந்ததாகக் கருதலாம்.

430இல் வண்டாலர் ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், எழுபத்தைந்து வயது கடந்த ஆயர் நோயுற்றுக் கிடந்தார். தாவீதின் மனத்தாபச் சங்கீதங்களை எழுதுவித்துச் சுவரிலே மாட்டச்செய்து, படுக்கையிலிருந்தவாறே படித்துக் கண்ணீர் சொரிந்தார் என அவருடன் வாழ்ந்த பொசிதியு எழுதிய வரலாறு கூறுகிறது. பாவசங்கீர்த்தன நூலை எழுதி முடித்து முப்பது ஆண்டுகள் சென்றிருந்தன. அப்பணி முடிந்துவிட்டதாக அவர் அப்போதும் கருதவில்லை.